சக்கர நாற்காலி மோட்டாருக்கு வீட்டில் செய்த வேகக் கட்டுப்படுத்தி

முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்த நண்பர் ஒருவரின் சக்கர நாற்காலிக்கு 24 வோல்ற், 250 வாற் மோட்டார் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தேன். வெறும் சுவிற்ச் மட்டும்தான். முதல்நாளே சொன்னார்: "அண்ணை, இது ஓடுதில்லை, பாயுது."

தடையியைத் தொடராகப் போட்டால் வேகம் குறையும். ஆனால் பற்றரியின் சக்தி சூடாகப் போய்விடும், மேட்டில் இழுவையும் இராது. பற்றரிக்கே தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். வீணாக்க மனம் வராது. ஆகவே பிடபிள்யூஎம் முறை: மின்னை விநாடிக்கு 16 ஆயிரம் தடவை போட்டு நிறுத்துவது. பாதி நேரம் போட்டால் மோட்டாருக்குச் சராசரியாக 12 வோல்ற் கிடைக்கும்.

மோட்டார் முழுச் சுமையில் 13 அம்பியர் அளவில் எடுக்கும். ஆனால் அதன் சுருளின் தடை 0.3 ஓம். சில்லு கல்லில் முட்டி நின்றால் 24ஐ 0.3ஆல் வகுத்துப் பாருங்கள்: 80 அம்பியர். எனவே 30 அம்பியரில் மட்டுப்படுத்தினேன். துடிப்பை உருவாக்கும் டீஎல்494 சிப்பில் அதற்கு உதவும் இரண்டாவது பெருக்கி உண்டு. 30 அம்பியரில் ஐஆர்எப்540என் மொஸ்பெற் 40 வாற் சூட்டைக் கக்கும். ஐஆர்எப்3205 இரண்டைச் சமாந்தரமாகப் போட்டால் 4 வாற்றுக்கும் குறைவு, சூடேறச் சற்றுக் கூடும். கேற்றுக்கு 24 வோல்ற்றை நேரே கொடுக்காதீர்கள், அதன் எல்லை 20. 7812 மூலம் 12 வோல்ற் கொடுங்கள்.

என் பிழை டயோட்டில். மோட்டாருக்குக் குறுக்கே 1என்4007 போட்டேன். அது 1 அம்பியருக்கானது, மெதுவானதும்கூட. மொஸ்பெற்றுகள் இரண்டும் எரிந்தன. 60 வோல்ற், 40 அம்பியர் ஷொட்கி டயோட் போட்டபின் பிரச்சினை இல்லை.

எரிந்தவற்றை மீற்றரில் பார்த்தபோதுதான் பயம் வந்தது. மொஸ்பெற் செத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளாது, ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் நாற்காலி முழு வேகத்தில் ஓடும். 40 அம்பியர் பியூஸ் காப்பாற்றாது, ஏனெனில் ஓடும் மோட்டார் எடுப்பது 13 அம்பியர்தான். காலூன்றி நிறுத்த முடியாதவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பற்றரியையே வெட்டும் ஐசொலேற்றர் வேண்டும். வாகனத்துக்கானதையே பூட்டுங்கள். வீட்டுச் சுவிற்ச் கூடாது: ஆடலோட்டம் விநாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் அதில் பொறி அணையும், நேரோட்டத்தில் அப்படி அணையாது. கைப்பிரேக்கையும் கழற்றவேண்டாம்.

பிறகு சில்லுகளைக் கட்டையில் தூக்கி வைத்து, வேகக் குமிழின் மூன்று கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மறைக் கம்பியைக் கழற்றியதும் மோட்டார் முழு வேகமெடுத்தது. குமிழின் இரு முனைகளிலும் சிறு தடையி சேர்த்து, 0.5 முதல் 4.5 வோல்ற்றுக்கு வெளியே போனால் துடிப்பு நிற்கும்படி மாற்றினேன். மூன்று கம்பியையும் மீண்டும் கழற்றிப் பார்த்த பிறகே நாற்காலியைக் கொடுத்தேன்.