வட ஆற்காட்டில் குடிநோயாளியின் குரல்: மதுவிலக்கிலிருந்து ஏ.ஏ. கூட்டம் வரை

1939 அக்டோபர் 1 அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தின் ராஜாஜி அமைச்சரவை 1937-இல் சேலத்தில் தொடங்கி, மறு ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களில் கடைகளை மூடிவிட்டு இங்கே வந்திருந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் அன்றைக்கு இந்த ஒரே மாவட்டம். கலால் வருவாய் போனதை ஈடுகட்ட அதே ஆண்டு பொது விற்பனை வரி பிறந்தது.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நியூயார்க்கில் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) என்ற நூல் வெளியானது. 1935-இல் ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் சந்தித்துக்கொண்ட இரண்டு குடிநோயாளிகளிடமிருந்து கிளம்பிய இயக்கத்தின் நூல் அது. ஒருவர் பங்குச்சந்தைக்காரர் பில், மற்றவர் மருத்துவர் பாப். நியூயார்க் நூலுக்கும் வட ஆற்காட்டுச் சட்டத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சட்டம் குடிப்பவரைப் பற்றிப் பேசியது. அந்த நூலில் குடித்தவரே பேசினார். தோல் பதனிடும் இந்த வட்டாரத்தின் குடி வரலாற்றை, யார் பேசினார்கள் என்ற கேள்வியை வைத்தே படிக்க முடியும்.

ராஜாஜியின் அக்கறையில் குறையில்லை. 1925-இல் திருச்செங்கோட்டு ஆசிரமம் தொடங்கியதும், 1929-இல் ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்காகவே ஒரு தமிழ் மாத இதழ் நடத்தியதும் ஏழை வீட்டு அடுப்பை நினைத்துத்தான். இருந்தும் அந்தப் பார்வையில் குடிப்பவர் திருத்தப்பட வேண்டியவர்; கேட்பவர், சொல்பவர் அல்ல. பிறகு நடந்தது தெரிந்த கதை. போர்க்காலத்தில் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது, 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது, 1971-இல் விலகியது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மறுபடி விலகியது. 1983-இல் டாஸ்மாக் உருவாகி, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. ஒரே தொழிலாளி தன் ஆயுளுக்குள் ஒருமுறை குற்றவாளியாகவும் மறுமுறை வாடிக்கையாளராகவும் இருந்திருக்கிறார். இரண்டு நிலையிலும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டேனரி வேலையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொழிலாளி என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஈரத்தோலைத் தூக்கும்போது தோளில் இறங்கும் பாரம், விரல் இடுக்கில் வெடிக்கும் தோல், குளித்தாலும் போகாத வாடை. ஆவாரம் பட்டைக் காலம் போய்க் குரோமும் டிரம்மும் வந்தன. பாரம் குறைந்தது, வாடை குறையவில்லை. “உடம்பு வலிக்குது, ஒரு கட்டிங் போட்டாதான் தூக்கம்” என்ற பேச்சு வேலையோடு ஒட்டியே வந்தது. 1970-களில் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்ததும் ஷூ கம்பெனிகள் பெருகின. அங்கே தையலில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவனின் குடியைப் பெண்ணின் சம்பளம் தாங்கும் வீடுகள் உருவாயின.

குடியை நோயாகப் பார்க்கும் பார்வை மருத்துவமனை வழியாக வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் நடத்தும் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறைக்கு இந்தியாவில் முன்னோடிகளுள் ஒன்று. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தபின், 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அது 1989 முதல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே முகாம் போட்டுச் சிகிச்சை தந்தது. ‘குடிகாரன்’ என்ற வசை ‘குடிநோயாளி’ என்ற சொல்லாக மாறியது இந்தக் காலத்தில்தான். என்னைக் கேட்டால், எந்தச் சட்டத் திருத்தத்தையும்விட இந்தச் சொல் மாற்றம் பெரிது.

குடித்தவரே பேசும் ஏ.ஏ. இயக்கம் இந்தியாவில் வேர்விட்டது 1957-இல், டெல்லியில். அதன் கூட்டத்தில் கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்பார். மனைவியின் தாலியை அடகு வைத்ததையும், விடிகாலை கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனதையும் சொல்வார். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர் பத்து ரூபாய் போடுவார். இதன் பலன் வெறும் நம்பிக்கை அல்ல. 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளோடு அலசிய 2020-ஆம் ஆண்டின் காக்ரன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ. வழிமுறை மற்றச் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்ததாகக் கண்டது.

ஆனால் ‘அனானிமஸ்’ என்ற சொல் குறிக்கும் பெயர் மறைப்பே இங்கே ஒரு தடையும் ஆகிறது. விளம்பரம் செய்யாத கூட்டத்தை ஆம்பூரில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்தாலும், எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் எப்படி உள்ளே நுழைவார்? கூட்டம் சர்ச் வளாகத்தில் என்றால் ஒரு முஸ்லிம் தொழிலாளிக்குத் தயக்கம் இரட்டிப்பு. மார்க்கம் விலக்கியதைத் தொட்ட வெட்கம் ஏற்கெனவே நெஞ்சில் கிடக்கிறது. அதனால் சிலர் சொந்த ஊரை விட்டு, பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறார்கள். ஷிப்ட் மாறும் வாரத்தில் அதுவும் தவறிப்போகும்.

வழி கேட்டு முதலில் வருபவர் பெரும்பாலும் மனைவிதான். ஓ.பி. வரிசையில் கணவருக்கு முன்னால் நின்று டாக்டரிடம் விசாரிப்பவர் அவரே. குடும்பத்தாருக்காக 1951-இல் அமெரிக்காவில் உருவான அல்-அனான் கூட்டங்களைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டியது அந்த அறையில்தான். 14446 என்ற இலவச உதவி எண்ணையும், அடுத்த கூட்டம் எந்த நாள், எத்தனை மணி என்பதையும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தர ஒரு நிமிடம் போதும்.