கலப்பையைக் குற்றமாக்கிய சட்டங்கள்

ஊரைக் காக்க இளைஞர்கள் முன்வருவது நற்செயல். ஊர்களை இணைக்கச் சாலை அமைப்பதும் நற்செயல். நிலத்திற்கு முறையான பத்திரம் வழங்குவதோ அரசின் கடமை. இம்மூன்றுக்கும் சட்டம் இயற்றும் அரசை எவரும் கொடுங்கோல் அரசு என்று சொல்லமாட்டார். ஆயினும் 19-ஆம் நூற்றாண்டு நியூசிலாந்தில் இம்மூன்று வகைச் சட்டங்களும் ஒன்றோடொன்று பிணைந்து, அம்மண்ணின் மக்களிடமிருந்து அவர்களது நிலத்தைப் பறித்தன. அவ்வரலாறு நமக்குத் தொலைவிலுள்ள தீவுகளின் கதையாயினும், சட்டத்திற்கும் நீதிக்கும் இடையே உள்ள தூரத்தை அதைப்போல் தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் மிகச் சிலவே.

நியூசிலாந்தின் பூர்வகுடியினர் மாவோரி மக்கள். 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கி என்னுமிடத்தில் பிரித்தானிய அரசின் பிரதிநிதியும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். மாவோரியர் தாமாக விற்க விரும்பாத வரையில், அவர்களது நிலங்களையும் காடுகளையும் மீன்பிடி நீர்நிலைகளையும் இடையூறின்றி அனுபவிக்கலாம் என்று அதன் இரண்டாம் விதி உறுதியளித்தது. அந்நிலம் தனியொருவரின் சொத்தன்று. குலத்தார் அனைவருக்கும் பொதுவானது. முன்னோர் அடங்கிய மண்ணும், பிறக்கவிருக்கும் பிள்ளைகளின் பங்கும் அதிலே அடக்கம்.

காவற்படை குடியேற்றப் படையானது

1845-இல் வடபகுதியில் ஹோனே ஹெக்கே என்ற மாவோரித் தலைவர் அரசை எதிர்த்துக் கிளர்ந்தபோது, வெள்ளையர் குடியிருப்புகளை அச்சம் சூழ்ந்தது. அவ்வாண்டே குடிப்படைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரையுள்ள ஐரோப்பிய ஆடவர் ஆண்டுக்கு 28 நாட்கள் பயிற்சி பெறவேண்டும்; தம் ஊரிலிருந்து 25 மைலுக்கு அப்பால் அவர்களை அழைத்துச் செல்லலாகாது. தற்காப்பே அதன் நோக்கம் என்பதை அந்த எல்லையே உணர்த்தியது.

பதினெட்டு ஆண்டுகளில் அந்நோக்கம் தலைகீழாயிற்று. 1863 ஆகஸ்டில், வைக்காட்டோ பகுதியின் மாவோரியருக்கு எதிரான போருக்காக ஆஸ்திரேலியாவிலும் ஒட்டாகோ தங்க வயல்களிலும் குடிப்படைக்கு ஆள் திரட்டப்பட்டது. சேர்பவர்களுக்கு ஊதியத்தோடு நிலமும் தருவதாக அரசு வாக்களித்தது. சாதாரணச் சிப்பாய்க்கு 50 ஏக்கர், சார்ஜெண்டுக்கு 80 ஏக்கர், கேப்டனுக்கு 300 ஏக்கர். அந்த நிலம் அப்போது அரசின் கையில் இல்லை. எந்த மக்களை எதிர்த்துப் போரிட அவர்கள் அனுப்பப்பட்டார்களோ, அந்த மக்களின் நிலமே அது. அதைப் பறிமுதல் செய்ய அனுமதிக்கும் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 3 அன்றுதான் நிறைவேறியது. கொடுப்பதாக வாக்களித்த பிறகே எடுப்பதற்கான சட்டம் எழுதப்பட்டது!

சாலை சென்ற திசை

இப்போருக்கு முன்னரே சாலை தயாராகிவிட்டது. ஆளுநர் சர் ஜார்ஜ் கிரே, ஆக்லாந்து நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை வைக்காட்டோவின் எல்லை வரை நீட்டிக்க ஆணையிட்டார். 1862-இல் காடுகளை வெட்டி அதை அமைத்தவர்கள் பிரித்தானியப் படைவீரர்கள். சாலை முடிந்த இடம் மங்கதாவிரி ஓடையின் அருகே. அவ்வோடைக்கு அப்பால் மாவோரி மன்னரின் ஆட்சிப் பகுதி தொடங்கியது. சாலையின் பொருள் என்னவென்று அங்கிருந்தோருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1863 ஜூலை 9 அன்று, ஆக்லாந்துக்கும் வைக்காட்டோவுக்கும் இடையே வாழ்ந்த மாவோரியர் அரசிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும், இல்லையேல் வெளியேறவேண்டும் என்ற ஆணை வந்தது. மூன்றே நாட்களில், ஜூலை 12 அன்று, படை ஓடையைக் கடந்தது. போரின் முடிவில் வைக்காட்டோவில் மட்டும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் பறிமுதலானது. மேற்குக் கரையிலுள்ள தரநாக்கி பகுதியிலும் ஏறத்தாழ அதே அளவு நிலம் பறிபோயிற்று. ஒரு வட்டாரத்தில் குறிப்பிடத்தக்க அளவினர் கிளர்ச்சி செய்தால் வட்டாரம் முழுவதையும் கையகப்படுத்தலாம் என்றது சட்டம். ஆகவே போரில் கலவாதவர்களும், அரசின் பக்கம் நின்றவர்களும்கூடத் தம் நிலத்தை இழந்து, இழப்பீட்டு நீதிமன்றத்தின் வாசலில் காத்து நின்றார்கள்.

பத்திரம் செய்த வேலை

துப்பாக்கி எட்டாத இடங்களுக்குப் பத்திரம் சென்றது. 1865-ஆம் ஆண்டின் பூர்வகுடி நிலச் சட்டம், குலத்தின் பொதுநிலத்தைத் தனியார் உரிமைப் பத்திரமாக மாற்றும் நீதிமன்றத்தை முறைப்படுத்தியது. 5000 ஏக்கருக்குக் குறைந்த நிலத்தின் பத்திரத்தில் பத்துப் பேருக்கு மேல் பெயர் எழுதக்கூடாது என்பது விதி. அந்நிலத்தை நம்பி நூறு குடும்பங்கள் வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அப்பத்துப் பேரே. அவர்கள் விற்றால் விற்பனை செல்லும். மற்றவர்கள் ஒரே நாளில் தம் ஊரிலேயே அந்நியராவார்கள். நில அளவைச் செலவும் வழக்குச் செலவும் கடனாகிப் பலரை விற்கவும் செய்தன. போதாக்குறைக்கு, இவ்வாறு பத்திரம் பெற்ற மாவோரி நிலத்தில் இருபதில் ஒரு பங்கு வரை, இழப்பீடு ஏதுமின்றிச் சாலைக்காக எடுத்துக்கொள்ளவும் அதே சட்டம் இடமளித்தது.

பரிஹாக்காவின் விடை

தரநாக்கியில், பறிமுதல் அறிவிக்கப்பட்டும் பல ஆண்டுகள் கையகப்படுத்தப்படாத நிலப்பரப்பில் பரிஹாக்கா என்னும் ஊர் 1860-களில் எழுந்தது. தே விட்டி, தோஹு காகாஹி ஆகிய இரு தலைவர்களும் அங்கு ஆயுதத்தை முற்றிலும் விலக்கினர். வீடிழந்தோர் பலர் அவ்வூரை நாடி வந்தனர்.

1879-இல் அரசு அந்நிலத்தை அளந்து விற்க முனைந்தபோது, பரிஹாக்கா மக்கள் சண்டையிடவில்லை. மே மாதத்தில் கலப்பையும் மாடுகளுமாகச் சென்று, வெள்ளையர் வசமிருந்த நிலங்களில் உழத் தொடங்கினர். இது எங்கள் மண் என்பதைச் சொல்ல அவர்கள் தேர்ந்த மொழி அது. கைது செய்தபோது எதிர்க்காமல் சென்றார்கள். அவர்களது இடத்தில் மறுநாள் வேறு சிலர் உழுதார்கள். மறு ஆண்டில், துப்பாக்கியும் மண்வெட்டியும் ஏந்திய ஆயுதக் காவற்படை அவர்களது பயிர்நிலத்தின் வேலியை உடைத்துச் சாலை போட்டது. மக்கள் வேலியைத் திரும்பக் கட்டினார்கள். காவலர் இடித்தனர், இவர்கள் மீண்டும் கட்டினார்கள். இரண்டு போராட்டங்களிலும் நானூறுக்கு மேற்பட்டோர் கைதாயினர்.

உழுவதும் வேலி கட்டுவதும் என்ன குற்றம்? இக்கேள்விக்குச் சட்டநூலில் விடை இல்லாததால் புதிய சட்டங்கள் எழுதப்பட்டன. கைதானோரின் விசாரணையைத் தள்ளிப்போட 1879-இல் ஒரு சட்டம். விசாரணையே இன்றிச் சிறையில் வைத்திருக்க 1880-இல் மற்றொன்று. சர்ச்சைக்குரிய நிலத்தில் தோண்டுவதையும் உழுவதையும் வேலி எழுப்புவதையும், ஈராண்டு வரை கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றமாக்க அவ்வாண்டிலேயே இன்னொன்று. பறிமுதலை ஆராய அமைந்த ஆணையத்திலோ, பறிமுதல் சட்டத்தை இயற்றிய அமைச்சரவையில் இருந்த வில்லியம் ஃபாக்ஸ் அமர்ந்திருந்தார். சாலையை மறித்து வேலி கட்டியதற்காகத் தென் தீவுச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் அங்கே சாலைப் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர்.

1881 அக்டோபர் 19 அன்று 14 நாள் கெடு விதிக்கப்பட்டது. இந்நடவடிக்கைக்கு உடன்படாத ஆளுநர் சர் ஆர்தர் கார்டன் ஃபிஜிக்குச் சென்றிருந்தார். அவர் திரும்பிவந்த அதே நாளில், அவர் வந்து சேர்வதற்குள், பதில் பொறுப்பிலிருந்த தலைமை நீதிபதி கையொப்பமிட்டுவிட்டார். இந்தக் கார்டன்தான் பின்னர் இலங்கையின் ஆளுநரானவர். அங்குச் சட்டசபையில் முஸ்லிம்களுக்கென முதன்முதலாக ஓர் உறுப்பினர் 1889-இல் நியமிக்கப்பட்டது அவரது ஆட்சிக்காலத்தில்தான்.

நவம்பர் 5 அன்று அமைச்சர் ஜான் பிரைஸ் தலைமையில் ஏறத்தாழ 1600 பேர் ஊரைச் சூழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தொண்டர் படையினர். அவர்களை எதிர்கொண்டவர்கள் பாடி விளையாடிய சிறுவர் சிறுமியர். படையினருக்கென ரொட்டியும் சுட்டு வைக்கப்பட்டிருந்தது. தலைவர்கள் இருவரும் அமைதியாகக் கைதாயினர். பிறகு வீடுகள் இடிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன, பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர், ஏறத்தாழ 1600 பேர் விரட்டப்பட்டனர். மறு ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தலைவர்களை விசாரணையின்றியே அடைத்து வைக்க. மற்றொன்று அந்த நடவடிக்கையில் செய்யப்பட்ட அனைத்திற்கும் சட்டப் பாதுகாப்பு அளிக்க.

நினைவு என்னும் சாட்சி

இந்த வரலாற்றில் அரசு எந்த இடத்திலும் சட்டமின்றி நடந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அநீதிக்கும் ஒரு சட்டம் துணை நின்றது. சில வேளைகளில் செயல் முந்தியது, சட்டம் பின்னால் வந்தது. எனவே ஒரு செயல் சட்டப்படி செல்லுமா என்று கேட்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது. அச்சட்டத்தை யார் எழுதினார், யாருக்காக எழுதினார், அதனால் பாதிக்கப்படுவோர் அந்த அவையில் இருந்தனரா என்பதையும் கேட்கவேண்டும். நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது இக்கேள்விகளையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

வைக்காட்டோ மக்களிடம் மன்னிப்புக் கோரிய சட்டத்தில் 1995-இல் எலிசபெத் அரசியார் தம் கையாலேயே ஒப்பமிட்டார். பரிஹாக்காவிடம் நியூசிலாந்து அரசு 2017 ஜூன் 9 அன்று மன்னிப்புக் கேட்டது. அதற்கு 136 ஆண்டுகள் ஆயின. நிலத்தின் பெரும்பகுதி திரும்பவில்லை. ஆனால் இடைப்பட்ட தலைமுறைகளில் அம்மக்கள் நடந்ததை மறக்க மறுத்தார்கள். மாதந்தோறும் 18, 19 தேதிகளில் பரிஹாக்காவில் கூடி, பெரியவர்கள் இளையோருக்கு அதைச் சொல்லிவந்தார்கள். இன்றும் அந்நாட்களில் அங்கே கூடுகிறார்கள்.