பாடசாலையும் புத்தகப் பெட்டியும்

பிள்ளையைப் பாடசாலையிற் சேர்த்தவுடன் தம் கடமை முடிந்ததென எண்ணும் பெற்றோர் நம்மிற் பலர். அவ்வெண்ணம் பிழையென்பதைப் பரோடா ஸமஸ்தானத்தின் சரித்திரத்தால் அறியலாம்.

அதனை ஆண்ட மூன்றாம் ஸயாஜிராவ் மஹாராஜா, 1893-ல் அம்ரேலி தாலூகாவிற் கட்டாய ஆரம்பக் கல்வியைத் தொடங்கி, 1906-ல் ஸமஸ்தானம் முழுமைக்கும் விரித்தார். ஆயினும், படிக்க நூலில்லாத வீட்டிற் கற்ற எழுத்து நில்லாது மறந்துபோம். இதனையுணர்ந்த மஹாராஜா, 1910-ல் அமெரிக்காவினின்றும் போர்டன் என்னும் நூல்நிலைய நிபுணரை வருவித்து, புத்தகசாலை இலாகா ஒன்றை நிறுவினார். ஊரார் ஒரு பங்கு பொருள் திரட்டின், ஸர்க்காரும் ஜில்லா சபையும் அதற்கொப்ப உதவின. புத்தகசாலையில்லாத கிராமங்களுக்கு நூல்கள் மரப்பெட்டிகளிற் கட்டணமின்றிச் சென்றன. பலவிடங்களிற் பாடசாலை உபாத்தியாயரே அவற்றைப் பாதுகாத்து வழங்கிவந்தார். தலைநகரின் மத்திய புத்தகசாலையிற் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் தனிப்பகுதிகள் அமைந்தன.

பள்ளிப் பிள்ளை கொணரும் நூல் அப்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. மாலையில் அவன் உரக்கப் படிக்க, எழுத்தறியாத தாயும் பாட்டியும் கேட்டுப் பயன்பெறுவர். பள்ளியை விட்ட தமையனும் மறந்த எழுத்தை மீட்பான்.

அன்பர்களே! நம் ஊர்ப் பாடசாலையில் நூல் அலமாரி உண்டா? உண்டெனில், அது பூட்டிக் கிடக்கின்றதா? இவ்விரண்டையும் இன்றே சென்று விசாரித்தறிவது நம் கடனாம்.