ஒரு கையால் ஐஸ் எடுப்பது எப்படி?

ஐஸ் தட்டில் இருந்து ஐஸ் எடுக்க இரண்டு கைகள் வேண்டும். இரு முனைகளையும் பிடித்து, ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் முறுக்கினால் கட்டிகள் கழன்று விழும். கடைகளில் கிடைக்கும் தட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செயலை நம்பியே செய்யப்படுகின்றன.

2009 இல் எனது இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்தேன். சட்டைப் பொத்தான் பூட்டவும், தேங்காய் துருவவும், சைக்கிள் ஓடவும் எப்படியோ பழகிக்கொண்டேன். பல வருடங்களுக்குப் பிறகு ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்தபோது, அதற்குள் இருந்த பிளாஸ்ரிக் தட்டு என்னைத் தோற்கடித்தது. நெஞ்சோடு அணைத்து முறுக்கினேன், சட்டை நனைந்தது. கத்தியால் கிளறினேன், தட்டு வெடித்தது. வெயிலில் வந்தவருக்கு ஒரு தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்க, பள்ளிக்கூடத்தால் பிள்ளை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. வன்னியில் கையை, விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தோளில் ஷெல் துண்டு இருப்பதால் கையைத் திருப்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். பாரிசவாதம் வந்த பெரியவர்களும் மூட்டுவாதம் உள்ள அம்மாமாரும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஐஸ் ஏன் தட்டில் ஒட்டுகிறது, அதை எப்படி இலகுவாகக் கழற்றலாம் என்று தேடிப் படித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும் அவர்களுக்காக இங்கே தருகிறேன்.

ஐஸ் ஏன் ஒட்டுகிறது?

முதலாவது காரணம், தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு சுமார் 9 வீதம் கூடுகிறது. குழியின் சுவர்கள் நேர்ச் செங்குத்தாக இருந்தால், விரியும் ஐஸ் சுவரை நெருக்கி அங்கேயே இறுகிவிடும். சுவர்கள் சரிவாக, மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தால், அதே விரிவு கட்டியை மேல்நோக்கித் தள்ளும். 3 சென்ரிமீற்றர் ஆழமான குழிக்கு மேல்வாய் 3.5 சென்ரிமீற்றரும் அடி 2.5 சென்ரிமீற்றரும் இருந்தால் ஒவ்வொரு சுவரும் 9 பாகைக்குச் சற்று மேல் சரிந்திருக்கும். அப்படியான குழியில் கட்டி சிறிது அசைந்தாலே எல்லாப் பக்கமும் ஒன்றாக விடுபட்டுவிடும்.

இரண்டாவது காரணம் மேற்பரப்பு. தண்ணீர் உலோகத்தில் நன்றாகப் பரவி ஒட்டும். சிலிக்கனிலும் பொலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்ரிக்கிலும் முத்து முத்தாக நிற்கும். தண்ணீர் பரவி ஒட்டும் இடத்தில் ஐஸும் பலமாக ஒட்டும். வழுவழுப்பான பரப்பில் கீறல் விழுந்தால் தண்ணீர் அந்தக் கீறலுக்குள் இறங்கி உறைந்து, வேர் விட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். கத்தியால் ஒருமுறை கிளறிய தட்டு அதற்குப் பிறகு எப்போதும் சண்டித்தனம் செய்வது இதனால்தான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் இந்த வேலை நடக்கிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் காவி ஐஸ் தட்டிலும் மெல்லிதாகப் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்பும் ஐஸுக்குப் பிடிமானம். மாதத்துக்கு ஒருமுறை தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி கலந்த தண்ணீரில் தட்டை அரை மணித்தியாலம் ஊறவைத்து, மெல்லிய துணியால் துடைத்தால் காவி போய்விடும். கம்பித் தும்பு பாவிக்க வேண்டாம்.

மூன்றாவது காரணம் குளிர். தட்டும் ஐஸும் குளிரக் குளிரச் சுருங்குகின்றன. ஆனால் பிளாஸ்ரிக் ஐஸைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால் கட்டியை இறுக்கிப் பிடிக்கிறது. வெளியே எடுத்து இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் பிளாஸ்ரிக் விரிந்து பிடியை விடும். ஐஸின் ஓரத்தில் மெல்லிய நீர்ப்படலமும் உண்டாகும். பொறுமை இல்லாமல் உடனே முறுக்கும்போதுதான் தட்டு வெடிக்கிறது. தட்டின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பொலிபுரொப்பிலீன். வீட்டுப் பிறீசரின் வழக்கமான வெப்பநிலையான –18 பாகை செல்சியஸில் அதன் சாதாரண வகை இறுகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். 4 என்று இருந்தால் அது அடர்த்தி குறைந்த பொலித்தீன். அந்தக் குளிரிலும் வளையும். சிலிக்கன் அதைவிட நன்றாக வளையும்.

நான்காவது, மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது பலருக்கு நினைவிருக்கும். கட்டி பாதி உருகி, மின்சாரம் வந்ததும் மறுபடி உறையும்போது, உருகிய தண்ணீர் அடியில் இறங்கிப் பசைபோல இறுகிவிடும். அப்படி இரண்டாம் முறை உறைந்த தட்டோடு மல்லுக்கட்டாமல், அடிப்பக்கத்தில் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டு எடுப்பதே நல்லது. கொதிதண்ணீர் ஊற்றக்கூடாது, ஐஸ் துண்டு துண்டாக வெடிக்கும், தட்டும் கோணும்.

முன்னோர் கண்ட வழிகள்

குளிர்சாதனப் பெட்டி வீட்டுக்கு வர முன்னரே எங்களிடம் ஐஸ் வந்துவிட்டது. போர்க்காலத்தில் எங்கள் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். 1996 இல் கிளிநொச்சியை இராணுவம் பிடித்தபோது நகரத்துச் சனங்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமாக வந்து மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டு இருந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டியில் இருப்பது, அல்லது சைக்கிளில் மணியடித்து வரும் ஐஸ்பழம்.

மீனுக்குப் பாரிய ஐஸ் கட்டி வார்க்கும் தொழிற்சாலைகளில் மேற்சொன்ன அறிவு முழுவதும் இருக்கிறது. அங்கே உயரமான தகரப் பெட்டிகளில் தண்ணீர் நிரப்பி, கடுங்குளிரான உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். பெட்டிகள் வாயில் அகன்று அடியில் ஒடுங்கியிருக்கும். உறைந்ததும் பெட்டியைத் தூக்கிச் சாதாரண தண்ணீரில் ஒருமுறை அமிழ்த்திக் கவிழ்க்க, கட்டி வழுக்கிக்கொண்டு வரும். ஐஸ்பழ அச்சும் அப்படித்தான். அவர்கள் முறுக்குவதுமில்லை, தட்டுவதுமில்லை. சரிவும் சிறிது சூடும் வேலையைச் செய்கின்றன.

வீட்டுத் தட்டின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. மின்சார அடுப்பையும் உருவாக்கிய லொயிட் கோப்மன் என்பவர் 1928 இல் மேப்பிள் மரச்சாறு சேகரிக்கக் காட்டுக்குப் போனார். தனது இறப்பர்ச் சப்பாத்தில் ஒட்டிய பனி, நடக்க நடக்கத் தானாக உதிர்வதைக் கண்டார். அந்தக் காட்சியில் இருந்து இறப்பர் ஐஸ் தட்டு பிறந்தது. 1933 இல் கை ரிங்கம் என்பவர் துருப்பிடிக்காத உருக்கினால் வளையக்கூடிய தட்டு ஒன்றைச் செய்தார். ஓரத்தை வளைத்தால் கட்டிகள் வெளியே தள்ளப்படும். பிறகு நெம்புகோல் தட்டு வந்தது. அலுமினியத் தட்டின் நடுவே தடுப்புகளோடு ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்து நிமிர்த்தினால் தடுப்புகள் அசைந்து எல்லாக் கட்டிகளையும் ஒரேயடியாக உடைத்து விடுவிக்கும்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது நெம்புகோல் தட்டு. அது முறுக்கும் வேலையை ஓர் இழுப்பாக மாற்றியது. இழுக்க ஒரு கை போதும். ஆனால் மற்றக் கை தட்டை அமத்திப் பிடிக்க வேண்டும். தட்டு அசையாமல் இருக்க ஒரு வழி செய்திருந்தால் அது எங்களுக்கான தட்டாக இருந்திருக்கும்.

வீட்டில் செய்து பார்த்தவை

முதலில் யோகட் கப்பில் உறையவைத்தேன். வடிவம் சரியானது, சரிவும் உண்டு, செலவும் இல்லை. ஆனால் அந்த மெல்லிய பிளாஸ்ரிக் அமத்தும்போது வெடித்து, துண்டுகள் ஐஸோடு கலந்தன. குடிக்கும் தண்ணீருக்குள் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, சாதாரண தட்டை அசையாமல் வைக்க ஒரு பலகையில் இரண்டு மரச்சட்டங்கள் அறைந்தேன். தட்டின் ஒரு முனை சட்டங்களுக்கு நடுவே இறுகி நிற்க, மறுமுனையை ஒரு கையால் முறுக்கலாம். பலகைக்குக் கீழே ஈரத்துணி விரித்தால் வழுக்காது. இது வேலை செய்கிறது. பழைய தட்டை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

இலகுவானது சிலிக்கன் தட்டு. ஓரம் கடும் பிளாஸ்ரிக்காகவும் குழிகளின் அடி மெல்லிய சிலிக்கனாகவும் உள்ள வகையைத் தேடி வாங்குங்கள். தட்டைவிட ஒடுக்கமான ஒரு சட்டியின் வாயில் அதைக் கவிழ்த்து வையுங்கள். தட்டின் இரு முனைகளும் சட்டி விளிம்பில் தங்கி நிற்கும், பிடிக்கத் தேவையில்லை. பெருவிரலால் ஒவ்வொரு குழியின் அடியையும் அமத்த, கட்டி சட்டிக்குள் விழும். ஒரு மூலையில் தொடங்கி அமத்துங்கள். ஒட்டிய நாடாவை ஓரத்தில் இருந்து உரிப்பது இலகு என்பது போல, ஐஸும் ஒரு விளிம்பில் விடுபட்டால் மிச்சம் தானாக விடும். விரல் இல்லாதவர்கள் முழங்கையாலோ கரண்டிக் காம்பின் மொட்டை முனையாலோ அமத்தலாம்.

சிலிக்கனுக்கும் குறை உண்டு. பிறீசரில் இருக்கும் மீன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். உலோகத்தைவிட மெதுவாக உறையவைக்கும். முழுவதும் சிலிக்கனான தட்டு தண்ணீரோடு தூக்கும்போது தொய்ந்துவிடும். அதற்குக் கீழே ஒரு தட்டையான பீங்கான் வைக்க வேண்டும்.

ஒரு கைக்காரருக்கு ஐஸ் எடுப்பதைவிடத் தண்ணீர் நிரப்பிய தட்டைக் கொண்டுபோவது கஷ்டம். பிறீசர்க் கதவைத் திறக்கவே கை வேண்டுமே. நான் வெறுந்தட்டை முதலில் பிறீசருக்குள் வைத்துவிட்டு, மூடியில் துளையிட்ட தண்ணீர்ப் போத்தலால் அங்கேயே நிரப்புகிறேன். குழியை முட்ட நிரப்ப வேண்டாம். மேலே பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். வழிந்த தண்ணீர் குழிகளுக்கு மேலால் ஒரே ஐஸ் தகடாக உறைந்தால், எந்தத் தட்டிலும் எந்தக் கட்டியும் தனியாகக் கழன்று வராது.

எங்களுக்கான தட்டு

இவ்வளவும் பார்த்தபின் ஒரு நல்ல தட்டுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடிகிறது. சரிவான வழுவழுப்பான குழிகள். கடுமையான ஓரம், மெல்லிய அடி. கவிழ்த்தால் தானாக நிற்கும் கால்கள். வழுக்காத விளிம்பு. நிரப்பியபின் ஒரு கையால் மட்டமாகத் தூக்க நடுவில் ஒரு பிடி. எல்லாக் குழிகளுக்கும் தண்ணீர் போக, தடுப்புகளில் சிறு வெட்டுகள். ஒரு குழியில் ஊற்றினால் போதும். இரண்டு கைகளால் இழுத்துத் திறக்கும் மூடி வேண்டாம்.

இப்படி யோசித்துச் செய்வது வீண் செலவு அல்ல. 1990 இல் அமெரிக்காவில் ஒக்ஸோ நிறுவனம் தடித்த இறப்பர்ப் பிடி போட்ட தோல் சீவியை விற்கத் தொடங்கியது. நிறுவனர் சாம் ஃபார்பரின் மனைவிக்குக் கையில் மூட்டுவாதம். சாதாரண சீவியைப் பிடிக்க அவர் கஷ்டப்பட்டதில் இருந்து வந்த யோசனை அது. மூட்டுவாதம் இல்லாதவர்களும் அதையே விரும்பி வாங்கினார்கள். ஒரு கைக்குச் சரிவரும் சாமான் இரண்டு கைகளுக்கும் சரிவரும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வருபவர்கள் சக்கர நாற்காலியும் செயற்கைக் காலும் கொண்டுவருகிறார்கள். அவை தேவை, நன்றி. ஆனால் ஒரு நாள் என்பது போத்தல் மூடி, தீப்பெட்டி, ஐஸ் தட்டு என்று சின்னச் சாமான்களால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தால் வீட்டில் இருப்பவரும் களைத்துவிடுவார், கூப்பிடுபவரும் ஒரு கட்டத்தில் கூப்பிடாமல் விட்டுவிடுவார். உதவி செய்ய நினைப்பவர்கள் எங்கள் குசினிக்குள்ளும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

சிலிக்கன் தட்டு கிடைக்காதவர்கள் பலகையையும் இரண்டு சட்டங்களையும் முயன்று பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பலகை இப்போதும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேதான் இருக்கிறது. இரண்டு கைகளும் உள்ள என் மனைவியும் அதில் வைத்துத்தான் ஐஸ் எடுக்கிறார்.