வேலி மேய்ந்த பயிர்

தாம்பரத்தில் இருக்கும் என் தங்கை ஒரு காலத்தில் எந்நேரமும் படுத்தே கிடப்பாள். உடம்பு வணங்கவில்லை என்று வீட்டில் எல்லோரும் ஏசினோம்; நானுந்தான். இரத்தத்தைச் சோதித்த பிறகுதான், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி நலிந்துபோனது தெரிந்தது.

இந்தச் சுரப்பியைக் கெடுப்பது எது என்று மனிதன் வெகுநாள் வெளியிலேயே தேடினான். பின்னாளில் நம் குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திப் பெயர் பெற்ற டாக்டர் மக்காரிஸன், அதற்கு முன் இமயத்தை அடுத்த கில்கித்தில் இருந்தார். அங்கே கழுத்துக் கழலைக்குத் தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகித்து, அந்த நீரின் வண்டலைத் தாமே குடித்துப் பார்த்தார். அவர் கழுத்தும் வீங்கிற்று! மலைநாட்டுக் கழலைக்கு அயோடின் குறைவே முக்கியக் காரணம் என்பது பிறகு நிலைப்பட்டது.

ஆனால் எங்கள் வீட்டு உப்பில் அயோடினுக்குக் குறைவில்லையே?

1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோ, நான்கு பெண்களிடமிருந்து அறுத்தெடுத்த சுரப்பிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வெள்ளணுக்கள் கூட்டமாகக் குடியேறியிருந்தன. புது நோய் என்று எழுதினார்; காரணம் விளங்கவில்லை. பிறகு சொந்த ஊரில் வைத்தியம் பார்த்து, 1934-ல் டைபாய்டு கண்டு மாண்டார்.

விடை 1956-ல் லண்டனில் கிடைத்தது. டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட் முதலியோர், கிருமியை எதிர்க்க வேண்டிய இரத்தம் சொந்தச் சுரப்பியையே எதிர்ப்பதைக் கண்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! என் தங்கையின் இரத்தத்திலும் அதே எதிர்ப்பொருள் இருந்தது.

இப்போது தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை விழுங்குகிறாள். ஓடியாடி வேலை செய்கிறாள். அவளைச் சோம்பேறி என்ற என் வாய்க்குத்தான் இன்னும் மாத்திரை கிடைக்கவில்லை.