டிலிக்கு வந்த ஜனநாயகம்: திமோர் லெஸ்தேயும் வெளிநாட்டு உதவியும்

ஒரு நாட்டுக்குப் பாலம் கட்டிக் கொடுக்கலாம், ஆஸ்பத்திரி கட்டிக் கொடுக்கலாம். பாராளுமன்றம், நீதிமன்றம், பொலிஸ், கிராம சபை என்று ஆட்சியையே வெளியிலிருந்து கட்டிக் கொடுக்க முடியுமா? நமது மலாய்ச் சகோதரர்களின் மூதாதையர் வந்த அதே தீவுக்கூட்டத்தின் கிழக்குக் கோடியில், கிழக்குத் திமோரில், 1999க்குப் பிறகு இதைச் செய்து பார்த்தார்கள். என்னை இவ்விடயத்துக்குள் இழுத்தது ஒரு பெயர்: மாரி அல்கதிரி. மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினர் கத்தோலிக்கராக உள்ள ஒரு நாட்டின் முதல் பிரதமர், ஹழ்ரமௌத்திலிருந்து வந்த யெமன் வம்சாவளி முஸ்லிம். நம்மவர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் எப்படிப்பட்ட அரசைக் கையேற்றார் என்று பார்ப்பதில்லை.

பின்னணியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். போர்த்துக்கலில் 1974 ஏப்ரலில் புரட்சி நடந்ததும் குடியேற்ற நாடுகளின் கட்டு அவிழ்ந்தது. 1975 நவம்பர் 28இல் ஃப்ரெத்திலின் இயக்கம் சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஒன்பதே நாளில், டிசம்பர் 7இல், இந்தோனேசியப் படை இறங்கியது. அப்போது வெளிநாட்டில் இருந்த அல்கதிரி, அடுத்த 24 வருடங்களையும் பெரும்பாலும் மொசாம்பிக்கில் கழித்தார். ஆக்கிரமிப்புக் காலத்தில் மோதலோடு தொடர்பாகக் குறைந்தது 1,02,800 பேர் மாண்டதாகப் பின்னர் உண்மை ஆணைக்குழு கணக்கிட்டது. 1999 ஆகஸ்ட் 30இல் யூ.என். நடத்திய வாக்கெடுப்பில் 78.5 வீதத்தினர் இந்தோனேசியா முன்வைத்த சுயாட்சியை நிராகரித்தனர். அதற்குப் பழிவாங்கலாக ஆயுதக் குழுக்களும் இந்தோனேசியப் படையினரும் நாட்டை எரித்தார்கள். கட்டடங்களில் சுமார் 70 வீதம் அழிந்தது. மேல்மட்ட அரச உத்தியோகத்தர்களில் பெரும்பாலானோர் இந்தோனேசியர். அவர்களும் போய்விட்டார்கள்.

இந்த வெறுமைக்குள்தான் 1999 ஒக்டோபர் 25ஆம் திகதிய பாதுகாப்புச் சபைத் தீர்மானம் 1272 ஒரு யூ.என். நிர்வாகத்தை அனுப்பியது. தலைவர் பிரேசில் நாட்டவரான செர்ஜியோ வியேரா த மெல்லோ. சட்டம் இயற்றுவதும் அவர்தான், நிறைவேற்றுவதும் அவர்தான், நீதி நிர்வாகமும் அவர் கீழேதான். நம்மட பக்கத்தில் இப்படி அதிகாரம் வைத்திருந்தவர்களைத் தேசாதிபதி என்று சொன்னோம். மக்களுக்கு ஜனநாயகம் பழக்க வந்த நிர்வாகம் மக்களிடம் வாக்குக் கேட்காத ஒன்றாக இருந்தது. அந்த நிர்வாகத்தில் மாவட்ட ஆட்சிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஜாரட் சோப்ரா 2000ஆம் ஆண்டிலேயே பதவியை விட்டு விலகி, யூ.என். அங்கே ஒரு ‘ராஜ்ஜியம்’ நடத்துகிறது என்று எழுதினார். உள்ளேயிருந்தே வந்த விமர்சனம் என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

டிலித் துறைமுகத்தில் மிதக்கும் ஹோட்டல் நின்றது. வெளிநாட்டு அதிகாரிகள் அதிலே தங்கினார்கள். கரையில் எரிந்த வீட்டுக்குத் தறப்பாள் கூரை. காசு வந்தது, ஆனா ஊருக்குள்ள வரல்ல. 2000இல் உருவாகி உதவிப் பணத்தைக் கண்காணித்துவந்த ‘லாவோ ஹமுதுக்’ என்ற திமோர் அமைப்பு (பெயரின் பொருள்: சேர்ந்து நடத்தல்) பத்து வருடக் கணக்கைப் பார்த்தது. 1999 முதல் 2009 வரை திமோரின் பெயரால் செலவான பல பில்லியன் டொலரில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அந்நாட்டுப் பொருளாதாரத்துக்குள் நுழைந்ததென்று மதிப்பிட்டது. மற்றதெல்லாம் வெளிநாட்டுச் சம்பளம், வெளிநாட்டுக் கொள்வனவு, வெளிநாட்டுப் படைச் செலவு. சுனாமிக்குப் பிறகு நமது கிழக்குக் கரையில் வெள்ளை ஜீப்புகள் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குடியியற் கல்வித் திட்டத்தின் கதையும் இதுதான். அரசியலமைப்பு என்றால் என்ன, வாக்கு என்றால் என்ன என்று மக்களுக்கு விளக்கும் திட்டத்தை யூ.என். முதலில் திமோர்க்காரரைக் கேட்காமலே வரைந்தது. உள்ளூர் அமைப்புகளின் ஒன்றியம் எதிர்த்து நின்றது. பிறகே திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. 2001 ஆகஸ்ட் 30 அரசியலமைப்புச் சபைத் தேர்தலில் 90 வீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். பாடம் படித்ததனால் வந்த கூட்டம் அல்ல இது. 1999இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 98 வீதத்துக்கு மேல் வாக்களித்த அதே சனம்தான்.

இனி உலக வங்கியின் கிராம சபைத் திட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோக்கத்தில் பிழை காண முடியாத திட்டம் அது. நிதி நேராகக் கிராமத்துக்குப் போகும். ஒவ்வொரு சிற்றூரிலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தெரிவாகிச் சபையில் அமர்வார்கள். கிணறா, பாடசாலைக் கூரையா, பாதையா என்று சபையே தீர்மானிக்கும். ஆணுக்குப் பெண் சரிசமம் என்பதை அன்று எத்தனை நாடுகள் கிராம மட்டத்தில் செய்திருந்தன? ஆனால் பரம்பரைத் தலைவர்களைச் சபைக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து ஊரை ஒழுங்குபடுத்திய எதிர்ப்பியக்கத்தின் கிராமப் பிரதிநிதிகளையும் பொருட்படுத்தவில்லை. திமோர்க் கிராமத்தில் காணிச் சண்டை, கலியாணச் சண்டை, களவு எல்லாம் போவது அந்தத் தலைவர்களின் திண்ணைக்கு. புதிய சபையிடம் பணம் இருந்தது, பழைய தலைவரிடம் மரியாதை இருந்தது. திட்டக் காலம் முடிந்து பணம் நின்றதும் சபை கலைந்தது. மரியாதை இருந்த இடத்திலேயே இருந்தது. 2004 டிசம்பர் முதல் நடந்த கிராமத் தலைவர் தேர்தல்களில் பாரம்பரியமும் வாக்குப்பெட்டியும் ஒருவாறு சேர்ந்துகொண்டன. அந்தச் சேர்க்கையைத் திமோர்க்காரர் தாங்களே செய்துகொண்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டுப் பணம் உள்ளூர் வழக்கத்தின் மேல் ஏறி நின்றபோது காரியம் நடந்திருக்கிறது. ‘நாஹே பித்தி’ என்றால் பாய் விரித்தல். பகைத்தவர்கள் பாயில் உட்கார்ந்து, பெரியவர்கள் முன்னால் பேசித் தீர்க்கும் வரை எழும்பாமல் இருக்கும் வழக்கம். உண்மை ஆணைக்குழு இதைச் சட்டத்தோடு இணைத்தது. 1999இல் வீடு எரித்தவன், மாடு களவெடுத்தவன், ஆயுதக் குழுவோடு திரிந்தவன் ஊரார் முன் வந்து செய்ததைச் சொல்வான். பாதிக்கப்பட்டவர் கேள்வி கேட்பார். மன்னிப்புக் கேட்பது, பொது வேலை செய்வது, நட்டஈடு கொடுப்பது என்று ஏதோவொன்றில் உடன்பாடு வரும், அதை நீதிமன்றம் பதிவுசெய்யும். கொலை, பாலியல் வல்லுறவு போன்ற பெருங்குற்றங்கள் இதற்குள் வரா. 1,371 பேர் இவ்வழியாக ஊரோடு சேர்ந்தார்கள். பணம் வெளியிலிருந்து வந்தது, பாய் ஊருடையது. பெருங்குற்றம் செய்தவர்களில் அநேகர் இந்தோனேசியாவில் இருந்தபடியால் நீதிமன்றம் அவர்களைத் தொடவே முடியாமற் போனது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சிறியவன் பாயில் உட்கார்ந்தான், பெரியவன் தப்பினான்.

நீதித்துறைக்குப் பெரும் உதவி வந்தது. ஆனால் மொழி முட்டுக்கட்டையாக நின்றது. 2002 அரசியலமைப்பு தேத்துமையும் போர்த்துக்கேயத்தையும் உத்தியோக மொழிகளாக்கியது. நாடுகடந்து வாழ்ந்த தலைமுறைக்குப் போர்த்துக்கேயம் வாய்க்கு வரும். இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த இளைஞருக்கு வராது. சட்டமோ போர்த்துக்கேயத்தில். 2005இல் திமோர் நீதிபதிகளுக்கு வைத்த மதிப்பீட்டுப் பரீட்சையில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஆசனங்களில் வெளிநாட்டு நீதிபதிகள் அமர்ந்தார்கள். 2014 ஒக்டோபரில் எண்ணெய்க் கம்பனிகளுடனான வரி வழக்குகளில் அரசு தோற்றதும், அரசாங்கம் வெளிநாட்டு நீதிபதிகளையும் சட்ட அதிகாரிகளையும் நாட்டை விட்டுப் போகச் சொன்னது. கடன் வாங்கிய நீதித்துறையை ஒரே உத்தரவில் திருப்பி அனுப்பலாம் என்று அன்று தெரிந்தது.

பொலிஸ் இன்னும் மோசம். பல நாட்டுப் பொலிஸார் வந்து தத்தம் முறையில் பழக்கினார்கள். சல்யூட் அடிக்கப் பழக்கலாம், யாருக்கு விசுவாசம் என்பதை யார் பழக்குவது? 2006இல் இராணுவத்தில் பாகுபாடு என்று முறையிட்ட சுமார் 600 சிப்பாய்கள் பதவிநீக்கப்பட்டபோது நாடு கிழக்கு, மேற்கு என்று பிளந்தது. மே 25இல், யூ.என். கொடியின் கீழ் நிராயுதபாணிகளாக நடந்துவந்த பொலிஸார் மீது படையினர் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். சுமார் 1,50,000 பேர் வீடிழந்தார்கள். ஜூன் 26இல் அல்கதிரி பதவி விலகினார். அவருடைய ஆட்சியில் 2005இல் நிறுவப்பட்ட பெற்றோலிய நிதியம் மட்டும் இவையெல்லாவற்றையும் தாண்டி நின்றது. அதற்கு நோர்வே ஆலோசனை தந்தது. சட்டத்தைத் திமோர் அரசே கைப்பற்றி நடத்தியது.

இனி நம்மவர்கள் விடயம். 2000இல் யூ.என். அமைத்த தேசிய சபையில் முஸ்லிம் சமூகத்துக்கென ஓர் ஆசனம் இருந்தது. அரசியலமைப்பு மதச் சுதந்திரத்தை உறுதிசெய்தது. காகிதத்தில் குறையில்லை. 2002 டிசம்பர் 4 கலவரத்தில் பிரதமரின் வீடு எரிக்கப்பட்டது, டிலியின் அந்-நூர் பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. 2005இல் சமய பாடத்தை விருப்பப் பாடமாக்க அரசு முயன்றபோது, திருச்சபையின் ஆதரவோடு மக்கள் வாரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். அல்கதிரியின் மதத்தைக் குத்திக் காட்டியவர்களும் அதில் இருந்தார்கள். பழைய அரபு வம்சக் குடும்பங்கள் இதைத் தாங்கிக்கொண்டன, ஏனெனில் அவர்கள் ஊரோடு வேர்விட்டவர்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம்களின் நிலை வேறு. 1999க்குப் பிறகு அவர்களிற் சுமார் 300 பேர் அந்-நூர் பள்ளி வளவிலேயே ஒதுங்கி வாழ்ந்தார்கள். பழைய குடும்பங்களுக்கும் இவர்களுக்கும் உறவு சுமுகமாக இருக்கவில்லை.

2001இல் தெரிவான அரசியலமைப்புச் சபை, புதிய தேர்தல் இல்லாமலே பாராளுமன்றமாக மாறியது. அது இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம், பிரஜையாக விரும்பும் அந்நியர் 10 வருடம் நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. ஆனால் அந்தப் 10 வருடம் 1975 டிசம்பர் 7க்கு முன்னர் அல்லது 2002 மே 20க்குப் பின்னர் அமைய வேண்டும். இடைப்பட்ட 26 வருடங்கள் கணக்கில் இல்லை. ஆக்கிரமிப்பை அங்கீகரிக்காத ஒரு நாடு அப்படிச் சட்டம் எழுதியதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பள்ளி வளவில் இருந்தவர்களின் வாழ்க்கை அந்த 26 வருடங்களுக்குள்தான் இருந்தது. ஆட்சியை மேம்படுத்த வந்த திட்டங்கள் எல்லாம் ‘குடிமக்கள்’ என்று தொடங்கியதால் அவர்கள் எந்தத் திட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. 2004இல் பொலிஸார் அவர்களைப் பள்ளி வளவிலிருந்து வெளியேற்றினார்கள். அப்போது பிரதமராக இருந்தவர் மாரி அல்கதிரி.