முடிகிற கதைக்கு ஒரு விருது

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2009ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சித் தொடரில் சிறப்பாக நடித்தவருக்கு விருது எப்போது கிடைக்க வேண்டும்? நம் மாநிலத்தில் 2009 முதல் 2013 வரைக்கான சின்னத்திரை விருதுகள் 2017 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. மேடையில் வழங்கப்பட்டது 2022 செப்டம்பர் 4, சென்னை கலைவாணர் அரங்கத்தில். முதல் ஆண்டுக்கான விருதை வாங்கியவர் பதின்மூன்று வருடம் காத்திருந்தார். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கே போயிருக்கும்.

அமெரிக்காவில் 2011 முதல் விமர்சகர்கள் தாங்களே ஓட்டுப் போட்டுத் தொலைக்காட்சி விருது கொடுக்கிறார்கள். கிரிட்டிக்ஸ் சாய்ஸ் என்று பெயர். அதற்கு அடுத்த ஆண்டு, தொலைக்காட்சிப் படத்துக்கும் குறுந்தொடருக்கும் சேர்த்து முதன்மை நடிகர், நடிகை விருதுகளைத் தனியாக வைத்தார்கள். 2012இல் அவற்றை வாங்கியவர்கள் 'ஷெர்லாக்'கில் நடித்த பெனடிக்ட் கம்பர்பேட்சும் 'கேம் சேஞ்ச்' படத்தில் நடித்த ஜூலியான் மூரும்.

ஏன் தனியாக வைத்தார்கள்? வருடக்கணக்கில் ஓடும் தொடரில் நடிகருக்கு ஒரு நாள் சரியில்லை என்றால் மறுவாரம் சரி செய்துகொள்ளலாம். குறுந்தொடரில் அந்த வசதி கிடையாது. சில மணி நேரத்துக்குள் ஒரு மனிதனைத் தொடங்கி, வளர்த்து, முடித்துக் காட்டியாக வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. ஒரே தராசில் வைத்தால் இரண்டுக்குமே அநியாயம்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். முடிகிற கதை நம் வீட்டுக்கும் வந்ததுதான். கொடைக்கானல் மலைமேல் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து ஆண்டெனாவைத் திருப்பிக் கட்டிய காலம் திண்டுக்கல்காரர்களுக்கு நினைவிருக்கும். வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் டிவி இருக்கும் வீட்டுத் திண்ணையில் தெருவே உட்கார்ந்திருக்கும். தூர்தர்ஷனில் பதின்மூன்று வாரத் தொடர் என்பது அன்றைக்கு வழக்கமான அளவு. கே. பாலசந்தர் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' என்று தொடர்கள் எடுத்தார். கதை முடிந்த மறுநாள் பள்ளி ஆசிரியர் அறையில் அதைப் பற்றித்தான் பேச்சு.

அந்தக் காலத்தில் அபூர்வமான ஒன்று நடந்தது. 1988இல் தூர்தர்ஷன், கோவிந்த் நிஹலானி இயக்கிய 'தமஸ்' என்ற பிரிவினைக் கதையைச் சில பகுதிகளாக ஒளிபரப்பியது. அதில் நடித்த சுரேகா சிக்ரிக்கு 35ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது. சின்னத்திரைக்கு என்று எடுத்த கதையில் நடித்தவரைப் பெரிய திரைக்குச் சமமாக மதித்த நடுவர்கள் அன்றைக்கு இருந்தார்கள்.

பிறகு 1993இல் சன் டிவி வந்தது. 'சித்தி', 'மெட்டி ஒலி' என்று தொடர்கள் வீடுதோறும் நுழைந்தன. 'மெட்டி ஒலி' 800 பாகங்களைத் தாண்டி ஓடியது. அவற்றில் நல்ல நடிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ராதிகாவைப் பார்க்க மாலை வேலையைத் தள்ளிவைத்த தாய்மார்கள் எத்தனை பேர்! ஆனால் கதை முடிவது நஷ்டம் என்று ஆகிவிட்டது. விருதும் அப்படியே மாறியது. சன் குடும்பம் விருதுகள், விஜய் டெலிவிஷன் விருதுகள் என்று ஒவ்வொரு சேனலும் தன் தொடர் நடிகர்களுக்குத் தானே விருது கொடுக்கிறது. விழா கலகலப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்வு எழுதியவனே விடைத்தாளைத் திருத்தினால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன மரியாதை?

இப்போது முடிகிற கதை கைபேசி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. 2022இல் கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் நடித்த 'சுழல்', அதே ஆண்டு எஸ்.ஜே. சூர்யா நடித்த 'வதந்தி' இரண்டும் எட்டெட்டுப் பகுதிகள். 'பாவக் கதைகள்' தொகுப்பில் சத்தாராக வந்த காளிதாஸ் ஜெயராமை மறக்க முடியுமா? 'சீரியஸ் மென்' என்ற இந்திப் படத்தில் மும்பையில் வாழும் தமிழ்த் தலித் அய்யன் மணியாக நடித்த நவாசுதீன் சித்திக், 2021 சர்வதேச எம்மியின் இறுதிப் பட்டியல் வரை போனார். விருதை வென்றவர் 'டெஸ்' என்ற மூன்று பகுதிக் குறுந்தொடரில் நடித்த டேவிட் டென்னன்ட். நம் ஊர் மனிதனின் கதை உலக மேடை வரை போகிறது. அதை இங்கே எடைபோட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

இந்திய விமர்சகர்கள் 2018இல் ஃபிலிம் கிரிட்டிக்ஸ் கில்டு என்று சேர்ந்து, முதலில் குறும்படங்களுக்கும் பிறகு வெப் தொடர்களுக்கும் விருது தரத் தொடங்கியது நல்ல ஆரம்பம். ஆனால் பல மொழிகளுக்கு நடுவே தமிழும் ஒன்று என்ற அளவில்தான் அங்கே இடம். தமிழுக்கென்று ஒன்று வேண்டும்.

விமர்சனம் நமக்குப் புதிதல்ல. '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62½ மார்க் போட்டதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது ஒரு கோப்பை கூட இல்லை, வெறும் எண். ஆனாலும் ஏன் நிலைத்தது? போட்டவர்களுக்கு அந்தப் படத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. படம் வந்த சூட்டோடு போட்டார்கள். இந்த இரண்டும் இருந்தால் போதும்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. தமிழில் திரைப்படம் பற்றி எழுதுபவர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி, ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஆண்டுக்குள்ளேயே, முடிந்த கதைகளில் நடித்த ஒரு நடிகரையும் ஒரு நடிகையையும் காரணத்தோடு சொல்லட்டும். ஒரு பக்கம் எழுதினாலே போதும். பாராட்டு என்பது மழை மாதிரி. பயிர் காய்ந்த பிறகு பெய்து பயனில்லை. நம் வறண்ட சமவெளிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த முதல் பட்டியலில் நீங்கள் யார் பெயரை எழுதுவீர்கள்? கீழே சொல்லுங்கள். பெயர் மட்டும் போதாது, காரணமும் வேண்டும். காரணத்துக்குத்தான் மார்க்!